நாந்தேன் பேசுறேன்

மைக் செட் போடுகிறவர்களுக்கென்று ஒரு மந்திரம் உண்டு. "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ." மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியாதவன்கூட இந்தத் தொழிலில் பிழைத்துக்கொள்ளலாம். எங்கள் மைக் செட் முதலாளியை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் மட்டும் அதைச் சொல்ல மாட்டார். மைக்கைக் கையில் எடுப்பார், தொண்டையைச் செருமுவார், பந்தலுக்கே கேட்கிற மாதிரி, "நாந்தேன் பேசுறேன்... நாந்தேன் பேசுறேன்" என்பார்.

ஆனையூரில் ஒரு கல்யாண வீட்டில் சமையல்காரர் ஒருவர் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"ஏப்பா, நீதேன் பேசுறன்னு கண்ணால பாத்துக்கிட்டுத்தான இருக்கோம். வேற எவன் பேசப் போறான்?"

அண்ணன் சிரித்தார். அவருக்காக நான் சொன்னேன். "அப்பிடி இல்லண்ணே. போன கல்யாணத்துல சொல்லாம விட்டுட்டாரு. மாப்ளதேன் பேசுறாருன்னு நெனச்சுப் பொண்ணு வெக்கப்பட்டுருச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும்தான். ஆனால் மைக்கைக் கீழே வைப்பதற்கு முன்னால், தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை அதையே சொல்லிக்கொண்டார். அது விளையாட்டில்லை என்று எனக்குத் தெரியக் கொஞ்ச காலம் பிடித்தது.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நிரந்தர விடுமுறை விட்டவன். அண்ணனின் குட்டியானை வண்டியை ஓட்டுவது, ஸ்பீக்கர் பாக்ஸ் இறக்குவது, மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது எல்லாம் என் வேலை. இடைப்பட்ட நேரத்தில் வாயால் செய்கிற வேலைக்குச் சம்பளம் கிடையாது. அதனால் அதை அளவில்லாமல் செய்தேன்.

அண்ணன் ஒல்லியான ஆள். சட்டைப் பையில் ஒரு டெஸ்டர் எப்போதும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். சத்தம் ஏதாவது புதிதாகக் கேட்டால் காக்காய் மாதிரித் தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கிறவரை அடுத்த வேலைக்குப் போக மாட்டார். டீக்கடையில் டீயை ஆறவிட்டுவிட்டு எழுந்து போய், கடைக்காரரின் ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்தி வைப்பார். அது முனகுவதை நிறுத்தும். அப்புறம்தான் டீ.

"சத்தத்தத் தேடுறதுக்கு ஒரே வழிதேன்டா" என்பார். "ஒண்ணொண்ணா அமத்து. எதை அமத்துனா சத்தம் நிக்கிதோ, அதேன் கள்ளன்."

அந்தக் கள்ளன் முதன்முதலில் வந்தது ஒத்தக்கடை தாண்டி ஒரு ஊர்ப் பொங்கலில். மத்தியான நேரம். சாமியாடி முடித்து ஊரே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து தலையைச் சாய்த்தார்.

"டேய், ஒனக்குக் கேக்குதா?"

"கேக்குதுண்ணே. பந்தியில ரெண்டாவது தடவ கறி கேக்குறாங்க. இல்லைங்கிறாங்க."

"அது இல்லடா. பாட்டுக்கு அடியில ஒருத்தன் பேசுறான்."

"என்னண்ணே பேசுறான்?"

"என்னையத்தேன். 'இந்தா வந்துட்டான்யா வயர் சுத்துறவன்'னு நக்கலா பேசுறான்."

அவருக்குப் புத்தி பிசகுகிறது என்று எனக்குக் கொஞ்சமும் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் எங்கள் தொழில். கார்ட்லெஸ் மைக் வந்ததிலிருந்து ஒருவன் லைனில் இன்னொருவன் ஏறுவது சாதாரணம். ஒரு கருமாதி வீட்டில் நாங்கள் பாக்ஸ் வைத்து, பெரியவர் ஒருவர் செத்தவரைப் பற்றிக் கண்ணீர் மல்கப் பேசிக்கொண்டிருக்கும்போது, பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்திலிருந்து "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று எங்கள் பாக்ஸில் வந்தது. செத்தவரின் மகன் எங்களை விரட்டி வந்தார். அப்படியிருக்க, அண்ணனின் லைனில் எவனோ ஏறிக்கொண்டு நக்கல் பண்ணுகிறான் என்றால் நம்பாமல் என்ன செய்வது?

நம்பியது மட்டுமில்லை, தேடினோம். கார்ட்லெஸ் மைக்கை ஒதுக்கிவிட்டுப் பழைய ஒயர் மைக்கை எடுத்தோம். ஒயரை மாற்றினோம். ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டார். எந்த ஊருக்குப் போனாலும் பக்கத்தில் வேறு மைக் செட் இருக்கிறதா என்று நான் வேவு பார்க்கப் போவேன். ஒரு தடவை அடுத்த ஊரில் ஒருத்தன் சட்டையைப் பிடித்தேவிட்டேன்.

"எங்க லைன்ல ஏறிக்கிட்டு எங்க அண்ணனையே நக்கல் பண்றியா?"

"யாரு மாப்ள நீ? எங்கிட்ட கார்ட்லெஸ்ஸே கெடையாது. இந்தா, இந்த ஒத்த மைக்குதேன். இதுவும் கம்பில கட்டிக் கெடக்கு."

பாவம், அவன் எனக்குக் கலர் வாங்கிக் கொடுத்து அனுப்பினான்.

ஆனையூரில் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுச் சாமான் வைத்திருந்தார். ஒருநாள் பகலில் அங்கேதான் அந்தத் தேடல் முடிவுக்கு வந்தது. அன்றைக்கு விழா எதுவும் இல்லை. அண்ணன் கூப்பிட்டனுப்பினார். போனேன்.

"பேசிக்கிட்டே இருக்கான்டா. வா, ஒண்ணொண்ணா அமத்துவோம்."

ஆம்ப்ளிஃபயரை அமத்தினோம். பாக்ஸ் ஒயரைப் பிடுங்கினோம். ஃபேனை நிறுத்தினோம். அவர் செல்லையும் என் செல்லையும் அணைத்தோம். கடைசியில் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டேன். தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. தகரம் வெயிலில் விரிகிற சத்தம் மட்டும் டப்பென்று ஒன்று கேட்டது.

"இப்ப நின்னுருச்சுலண்ணே?" என்றேன்.

அண்ணன் தலையைச் சாய்த்தபடியே இருந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இன்னும் பேசுறான்டா."

என் வாயில் எப்போதும் ஒரு கேலி தயாராக இருக்கும். அன்றைக்கு இல்லை. அந்தக் கொட்டகையில் அமத்துவதற்கு இன்னும் மிச்சமிருந்தது அவர் ஒருவர்தான். அதை அவரும் நினைத்தார் என்று அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. நான் பயந்துபோய் மெயினைத் தூக்கிவிட்டு, தேவையே இல்லாமல் பாட்டைச் சத்தமாக வைத்தேன்.

"மதினிகிட்ட சொல்லிருவோம்ணே" என்றேன்.

"சொல்லக் கூடாது. அவ அழுவா. அவ அழுதா, இது நெசந்தேன்னு எனக்கே பயம் வந்துரும்."

மதினி என்று நான் சொல்வது அண்ணனின் மனைவியை. வீட்டில் தையல் மிஷின் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தவர். ஒரே மகள், அப்போது மழலை மாறாத பிள்ளை. மதினி ஒன்றும் தெரியாதவர் இல்லை. மிக்ஸியைப் போர்வையில் சுற்றி வைத்திருப்பதையும், டி.வி. சுவரைப் பார்த்துத் திரும்பியிருப்பதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "என்னங்க ஆச்சு?" என்று கேட்பார். "ஒண்ணுமில்ல" என்பார் அண்ணன். அந்த ஒன்றுமில்லாததை வைத்துக்கொண்டு அந்த வீடு நடந்தது.

அப்புறம் ஒரு கல்யாணத்தில் உடைந்தது. தாலி கட்டுகிற நேரம். நாதஸ்வரக்காரர் மைக்கைப் பார்த்துத் திரும்பிவிட்டார், மேளக்காரர் கோலை ஓங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து அண்ணன் எழுந்து போய் மெயினை இறக்கிவிட்டார். மண்டபமே இருட்டு. "எம் பொண்டாட்டி பேரச் சொல்லாதீங்கடா!" என்று பாக்ஸைப் பார்த்துக் கத்தினார். அங்கே யாரும் அந்தப் பேரைச் சொல்லியிருக்கவில்லை. பொண்ணோட அப்பா அவர் சட்டையைப் பிடித்தார். நான் நடுவில் புகுந்து ரெண்டு அடி வாங்கினேன். ரெண்டும் அண்ணனுக்கு வந்தவை.

செய்தி எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. மதினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருப்பரங்குன்றத்தில் இருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பினார். பஸ் ஸ்டாப்பில் பையை வாங்கிக்கொண்டு நான் கெஞ்சினேன்.

"மதினி, அவரு வேணும்னு பண்ணல."

"தெரியும் தம்பி. பேசுதுங்கறதுக்காக நான் போகல. பேசலைன்னு எங்கிட்ட சாதிக்கிறாரு பாரு, அதுக்குத்தேன் போறேன். வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்கு மட்டும் தெரியாம, நான் எப்பிடிப் பிள்ளையத் தூங்க வைக்கிறது? எங்கிட்ட வாயத் தொறந்து சொல்லட்டும், அன்னைக்கு வாரேன்."

இதை நான் அண்ணனிடம் சொன்னேன். "சொன்னா வருவா. சொன்னா பயப்படுவா. ரெண்டும் ஒரே லைன்ல வருதேடா" என்றார். அதற்கு மேல் எங்களுக்கு வழி தெரியவில்லை.

மதினியின் வீட்டில் அவர்களுக்குத் தெரிந்த வழியில் இறங்கினார்கள். முதலில் கோடாங்கி. உடுக்கையை அடித்து, "யார்றா நீ? எங்கிருந்துடா வந்த?" என்று அவர் அதட்ட, அண்ணன் மரியாதையாக, "சாமி, ஆனையூருங்க" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோடாங்கி என்னையும் சேர்த்து விபூதி அடித்தார். அடுத்ததாக, இந்த மாதிரி ஆட்களைக் கொண்டுபோய்ச் சங்கிலியில் கட்டி வைக்கிற இடம் ஒன்று தெரியும் என்று மதினியின் தம்பி சொன்னார். அதைக் கேட்டதும் மதினி எழுந்தார்.

"கட்டி வைக்கிறதுக்கு அவரு என்ன கன்னுக்குட்டியா? டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போவோம். நானும் வாரேன்."

பெரியாஸ்பத்திரியில் பெண் டாக்டர். எங்கள் யாரையும் பார்க்காமல் அண்ணனை மட்டும் பார்த்துப் பேசினார். "குரல் கேக்குதா?" என்று கேட்டதோடு நிறுத்தவில்லை. "என்ன சொல்லுது?" என்றும் கேட்டார். அதுவரை நான் ஒரே ஒரு தடவை, அதுவும் வேடிக்கைக்குக் கேட்ட கேள்வி அது. அப்புறம் யாருமே கேட்கவில்லை. அண்ணன் கதவைப் பார்த்தார். கதவோரம் பெஞ்சில் மதினி இருந்தார். "அசிங்கமா பேசுதும்மா" என்று மட்டும் சொன்னார்.

மனச்சிதைவு என்று பேர் சொன்னார் டாக்டர். அண்ணனுக்கு அந்தப் பேர் பிடிக்கவில்லை.

"செதறியெல்லாம் போகலம்மா. எல்லாம் இருக்க எடத்துல இருக்கு. லைன்தேன் கலந்துருச்சு."

"பேர விடுங்க. நமக்குள்ள எப்பவும் ஒரு பேச்சு ஓடிக்கிட்டே இருக்கும்ல, நெனப்பு? அது நம்மளோடதுன்னு மூளைக்குத் தெரியும். உங்க மூளை அந்த அடையாளத்த விட்டுருது. அதனால உள்ள இருக்கிறது வெளிய இருந்து வர்ற மாதிரி கேக்குது."

அண்ணன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"மைக்க பாக்ஸுக்கு நேரா வச்சா, அது சத்தத்த அதுவே வாங்கி ஊளையிடும்மா. ஃபீட்பேக்கு. அதுவா இது?"

டாக்டர் சிரித்தார். "கிட்டத்தட்ட. ஆனா இதுக்கு மைக்கத் திருப்பி வச்சா போதாது. மாத்திரை சாப்பிடணும். நல்லாருக்குன்னு நீங்களா நிப்பாட்டக் கூடாது."

நான் சும்மா இருந்திருக்கலாம். "டாக்டரம்மா, சினிமால வர்ற மாதிரி ரெண்டு ஆளா மாறி, அருவாளத் தூக்கிருவாரா?"

"மாற மாட்டாரு. இந்த நோய் உள்ளவங்கள்ல பெரும்பாலானவங்க யாரையும் அடிக்கிறதில்ல. அடி வாங்குறவங்கதான் அதிகம்" என்றவர், என் கன்னத்தில் இன்னும் வடியாத வீக்கத்தைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார்.

"அவருக்கு வந்த அடிய வாங்குறவன்."

மதினியின் தம்பிக்கு என் பேச்சு பிடிக்கவில்லை. "எப்ப டாக்டர் சரியாகும்?" என்று கேட்டார். சர்க்கரை வியாதி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். சிலருக்குக் குரல் முழுக்கப் போய்விடும், சிலருக்குக் கொஞ்சம் மிச்சமிருக்கும், இருந்தாலும் வேலை பார்க்கலாம், குடும்பம் நடத்தலாம் என்றார். அப்புறம் மதினியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"அவருக்குக் கேக்குறப்ப, உங்களுக்கும் கேக்குதுன்னு பொய் சொல்லாதீங்க. அப்படி ஒண்ணும் இல்லன்னு சண்டையும் போடாதீங்க. எனக்குக் கேக்கல, உங்களுக்கு என்ன கேக்குதுன்னு கேளுங்க. அவ்வளவுதான்."

மதினி தலையாட்டினார். அண்ணன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் மதினியின் தம்பி எனக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "அடுத்து பாப்பாவுக்குக் காது குத்து வச்சிருக்கோம். அது வரைக்கும் பாப்போம். அன்னைக்கு சபையில ஏதாச்சும் கோளாறு ஆச்சு, அக்கா எங்க வீட்டோட இருந்துக்கிரட்டும். பிள்ளையும்தேன்."

ஆக, அண்ணனுக்குக் காது குத்துதான் கெடு.

மாத்திரை அவரைப் புரட்டிப் போட்டது. உடம்பு ஊதியது. பகலில் பாக்ஸ் மேலேயே சாய்ந்து தூங்குவார். கை நடுங்கி மிக்ஸரில் ஒன்றைத் தள்ளினால் மூன்று நகரும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். அவர் பொறுக்காதது ஒன்றே ஒன்று.

"காதுல போர்வையப் போத்துன மாதிரி இருக்குடா. பாட்டுல எது முன்னால வருது, எது பின்னால நிக்கிதுன்னு தெரிய மாட்டேங்குது. கள்ளனோட சேத்து வீட்டையும்ல பூட்டிட்டாங்க."

அதனால் யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். எனக்கு அது தெரிந்தது அவர் மைக்கைச் சோதித்த விதத்தில். "நாந்தேன் பேசுறேன்" என்பது நீண்டுகொண்டே போனது. பந்தல்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிற அளவுக்கு நீண்டது.

ஒருநாள் என்னிடமே கேட்டார். "டேய், நீதான பேசுற?"

"நான் எப்பண்ணே பேசாம இருந்தேன்?"

"வெளையாடாத. உள்ள பேசுறது ஒன் கொரலு. ஒன்னைய எவன் சொல்லிப் பேச வைக்கிறான்?"

நான் பேச்சில் மட்டுமே எமகாதகன். அந்தப் பார்வைக்கு முன்னால் அதுவும் செல்லுபடியாகவில்லை. குட்டியானைச் சாவியைக் கேட்டார். கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் மேல் கோபமா, பயமா என்று எனக்கே தெரியவில்லை. பயம்தான். அவருக்காக.

சில நாள் கழித்து ஒரு காலையில் அண்ணன் என் வீட்டு வாசலில் நின்றார். சவரம் செய்யாத முகம். சாவியை நீட்டினார்.

"ஒன்னைய அமத்திப் பாத்தேன்டா. நீ இல்லாதப்பவும் ஒன் கொரல்லயே பேசுது. அப்ப நீ கள்ளன் இல்ல."

சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்காக விட்டுவிட முடியுமா?

"அதுக்கு சம்பளத்தோட அமத்தியிருக்கலாம்லண்ணே."

அண்ணன் அங்கேயே நடையில் உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு நிற்பதற்குள், "மாத்திரைய நிப்பாட்டிட்டேன். டாக்டரம்மாகிட்ட நீ சொல்லுவியா, நான் சொல்லவா?" என்றார். ரெண்டு பேரும் போய்ச் சொன்னோம். டாக்டர் திட்டவில்லை. காதைப் பற்றி நிறையக் கேட்டுக்கொண்டார். வேறு மாத்திரை எழுதி, கொஞ்சம் பொறுங்கள் என்றார். பொறுத்தோம். போர்வை மெல்ல விலகியது. கள்ளன் முழுக்கப் போகவில்லை. பக்கத்துத் தெரு ரேடியோ அளவுக்கு ஆனான்.

அதிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம். சந்தேகம் வந்தால் தலையைச் சாய்ப்பார், என்னைப் பார்ப்பார். "ஒனக்குக் கேக்குதா?" நான், "இல்லண்ணே" என்பேன், அல்லது "கேக்குதுண்ணே, லாரி ஹாரன்" என்பேன். தலையாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். மதினியிடம் மட்டும் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையைப் பார்க்கப் போவார். "எப்பிடி இருக்கீங்க?" என்று மதினி கேட்பார். "ஒண்ணுமில்ல" என்பார்.

"ஏண்ணே, என்னையப் போயா கேக்குற?" என்று ஒருநாள் கேட்டேன். "நான் வாயத் தொறந்தா பொய்யிதேன்னு ஊருக்கே தெரியும்."

"அதேன்டா கேக்குறேன். நீ பொய் சொன்னா ஒன் மூக்கு வெடைக்கும். பாத்தாலே தெரியும். மத்தவங்கெல்லாம் பாசத்துல பொய் சொல்றாங்க. அத எங்கிட்டு வச்சுக் கண்டுபிடிக்கிறது?"

அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று சில பொய்கள் சொல்லிப் பார்த்தேன். உண்மைதான். வெடைத்தது.

காது குத்தும் வந்தது. திருப்பரங்குன்றத்தில், மலை தெரிகிற ஒரு சின்ன மண்டபம். மதினியின் தம்பி வேறு மைக் செட் பேசி வைத்திருந்தார். "பிள்ளையோட அப்பன் மைக் செட் வச்சிருக்கப்ப வேற ஆளா?" என்று மதினி ஒரே பேச்சில் அதைக் கலைத்தார். நாங்கள் காலையிலேயே போய் இறங்கினோம். உள்ளே பொங்கலும் வடையும் மணக்க மணக்க, நான் அவசர அவசரமாக வாசல் வேப்பமரத்தில் ஏறிக் குழாயைக் கட்டிவிட்டுப் பந்திக்கு ஓடினேன்.

நேரம் வந்தது. பாப்பாவைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம், கையில் மிட்டாய். ஆசாரி கம்மலை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். சொந்தபந்தம் மொத்தமும் உள்ளே. கரண்டு போய்விடுமோ என்று நான் வெளியே ஜெனரேட்டர் பக்கத்தில், வேப்பமரத்தடியில் நின்றேன். பெரிய ஜன்னல் வழியாக அண்ணன் தெரிந்தார். மிக்ஸர் முன்னால் நின்று, மைக்கை எடுத்து, "நாந்தேன் பேசுறேன்" என்றார். ரெண்டே தடவை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அப்புறம் அவர் தலை சாய்ந்தது.

சாய்ந்த தலையோடு என்னைத் தேடினார். வழக்கமாக நான் நிற்கிற இடத்தைப் பார்த்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நான் ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டுகிறேன், அவர் பார்க்கவில்லை. அவர் முகம் அன்றைக்குக் கல்யாணத்தில் நான் பார்த்த முகமாக மாறிக்கொண்டிருந்தது. மெயின் சுவிட்ச் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்த நேரம் மதினி பழத்தட்டோடு அவரைக் கடந்து போனார். அண்ணன் மதினியின் முழங்கையைத் தொட்டார்.

என் தலைக்கு மேலே குழாயில் கேட்டது.

"இந்தா... ஒனக்குக் கேக்குதா?"

ஊரில் எல்லாவற்றையும் ஒண்ணொண்ணா அமத்தச் சொல்கிற மனுஷன், கையில் இருந்த மைக்கை அமத்தவில்லை.

மண்டபம் அடங்கிவிட்டது. ஆசாரியின் கை அந்தரத்தில் நின்றது. மதினியின் தம்பி எழப் பார்த்தார். மடியில் பிள்ளை. பிள்ளை வீறிட்டது, மறுபடியும் உட்கார்ந்தார். மதினி தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். போச்சு, அழப் போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

மதினி தட்டைக் கீழே வைத்தார். குழாயில் அவர் குரல் தெளிவாக வந்தது.

"இல்லைங்க. எனக்குக் கேக்கல. ஒங்களுக்கு என்ன சொல்லுது?"

குழாயில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. அவர் எப்போதும் சொல்கிற அந்த ஒற்றை வார்த்தைக்காக நான் காத்திருந்தேன். ஒண்ணுமில்ல.

"திட்டுது" என்றார்.

"என்னன்னு திட்டுது?"

"கொழாயக் கோணலா கட்டிருக்கான், நீயெல்லாம் ஒரு மைக் செட்டுக்காரனான்னு திட்டுது."

ஜன்னல் பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். குழாய் மலையைப் பார்க்காமல், தலை தொங்கிப் போய்த் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மதினி ஜன்னல் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மைக் இருக்கிற இடத்துக்குத் திரும்பிப் போய், நிதானமாகச் சொன்னார்.

"கோணலாத்தேங்க இருக்கு."

முதலில் ஒரு கிழவர் சிரித்தார். அப்புறம் மண்டபமே. சிரிப்பு அடங்குவதற்குள் ஆசாரி காரியத்தை முடித்துவிட்டார். பிள்ளை எதற்கு அழுவது என்று தெரியாமல் கொஞ்சம் தாமதமாக அழுதது. மதினியின் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அவரும் கழுத்தை வளைத்துக் குழாயைப் பார்த்துவிட்டு, ஒரு மாமனுக்கு உள்ள அதிகாரத்தோடு கத்தினார்.

"எவன்டா அதக் கட்டுனது?"

எவன் என்று எல்லாருக்கும் தெரியும். நான் மறுபடியும் மரத்தில் ஏறினேன்.

பிற்பாடு மதினியிடம் கேட்டேன். "மைக் ஆன்ல இருந்தது ஒங்களுக்குத் தெரியாதா மதினி?"

"மொத வார்த்தையிலயே தெரிஞ்சிருச்சு."

"அப்பறம் அமத்திருக்கலாம்ல?"

"அமத்தியிருந்தா அந்த மனுஷன் மறுபடியும் உள்ள வச்சுப் பூட்டிருப்பாரு தம்பி. அன்னைக்குத்தேன் தொறந்தாரு. சபையாவது ஒண்ணாவது."

மறு வாரம் மதினியின் தையல் மிஷினைப் பாக்ஸ்களுக்கு நடுவில் வைத்துக் கட்டி, திருப்பரங்குன்றத்திலிருந்து ஆனையூருக்கு ஓட்டி வந்தது நான்தான். மிஷினை ஏற்றிவிட்டவர் மதினியின் தம்பி. "நேரா கட்டுடா" என்று சொல்லித்தான் அனுப்பினார். முன் சீட்டில் பாப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் இல்லாத மைக்கைப் பிடித்து, வழியெல்லாம் "நாந்தேன் பேசுதேன்" என்று சொல்லிக்கொண்டு வந்தது.

அன்றோடு எனக்கு ஒரு வேலை போனது. அதற்கப்புறம் அண்ணன் தலையைச் சாய்த்தால் என்னைத் தேடவில்லை. போனை எடுத்து வீட்டுக்குப் போடுவார். "இந்தா, சும்மாதேன்... ம்... அதேதேன்... இன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்தி... ம், சாப்ட்டேன், மாத்திரையும்தேன்." அவ்வளவுதான். வேலையைப் பார்க்கப் போய்விடுவார். எனக்கு அதில் சந்தோஷம்தான். பொறாமையும் கொஞ்சம்.

இப்போது நான் பிழைப்புக்காகக் கோயம்புத்தூர் வந்து பார்சல் வண்டி ஓட்டுகிறேன். நாள் முழுக்கப் போன். "எங்கப்பா வர்ற?" என்பார்கள். "ஒங்க தெரு முக்குலதேன் சார்" என்பேன், ஊருக்கு வெளியே நின்றுகொண்டு. கண்ணாடியில் பார்த்தால் மூக்கு வெடைத்திருக்கும். அது வெடைக்காதபடி ஒரு மனுஷன் என்னைக் கொஞ்ச காலம் வைத்திருந்தார். "ஒனக்குக் கேக்குதா?" என்று அவர் கேட்ட ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் நான் பொய் சொன்னதே இல்லை.